வாக்கற்ற உயிர்களுக்கு ஒரு வாக்கு
(உரைநடைப் பாடம்)

நுழையும் முன்

மக்களாட்சியில் வாக்கு உடையோரின் குரலே அவையில் ஒலிக்கிறது. வாக்களிக்க இயலாத உயிர்களுக்காக அவையில் யார் பேசுவது? இவ்வினாவையே தம் அரசியல் வாழ்வின் தொடக்கமாகக் கொண்டவர், நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த மரியன்னெ தீமெ என்னும் பெண்மணி. 150 உறுப்பினர் கொண்ட அவைக்குள் இருவராக நுழைந்தவர்கள் எவற்றைச் சாதித்தனர், எங்கே தடைபட்டனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

சிறிய நாடு, பெரிய பண்ணைகள்

மாணவர்களே, உலகப் படத்தில் ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்குப் பகுதியை நோக்குங்கள். வட கடலை ஒட்டி நெதர்லாந்து அமைந்திருப்பதைக் காண்பீர்கள். பரப்பளவில் அது நம் கேரள மாநிலத்தைவிடச் சற்றே பெரியது. ஆயினும், வேளாண் பொருள்களை ஏற்றுமதி செய்து ஈட்டும் வருவாயில் அமெரிக்காவிற்கு அடுத்த நிலையில் நெடுங்காலம் விளங்கியது. பால், பாலாடைக்கட்டி, முட்டை, இறைச்சி ஆகியவை அவ்வேற்றுமதியில் பெரும்பங்கு வகிக்கின்றன.

இவ்வளவு சிறிய நிலத்தில் இவ்வளவு பெரிய விளைவு எவ்வாறு வந்தது? தொழிற்சாலையில் பொருள்களைச் செய்வதுபோல விலங்குகளை வளர்க்கும் முறையே காரணங்களுள் முதன்மையானது. தீமெ அரசியலில் நுழைந்த காலத்தில் அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் பேர். அங்கு வளர்க்கப்பட்ட பன்றிகள் 1 கோடிக்கும் மேல்; கோழிகள் ஏறத்தாழ 9 கோடி.

இம்முறையில் விலங்கு வாழும் இடம் மிகக் குறுகியது. எடுத்துக்காட்டாக, முட்டைக்கோழிகளை அடுக்குக் கூண்டுகளில் அடைத்து வளர்ப்பர். பழைய ஐரோப்பிய விதியின்படி ஒரு கோழிக்கு 550 சதுர செ.மீ. இடம் இருந்தால் போதும். நீங்கள் தேர்வெழுதும் ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 620 சதுர செ.மீ. அத்தாளினும் சிறிய இடத்தில் ஒரு பறவை சிறகை விரிக்காமலே தன் வாழ்நாளைக் கழித்தது. இவ்வகைக் கூண்டுகளை 2012ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது.

நெருக்கமாக அடைபட்ட இடத்தில் நோய் விரைந்து பரவும். 1997ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பன்றிக் காய்ச்சல் பரவியபோது 1 கோடி அளவிலான பன்றிகள் கொல்லப்பட்டன. 2001ஆம் ஆண்டு கோமாரி நோய் வந்தபோது இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட விலங்குகள் அழிக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை நோயுற்றவை அல்ல. நோய் பரவாதிருக்கும் பொருட்டு முன்னெச்சரிக்கையாகக் கொல்லப்பட்டவை. அக்காட்சிகளைத் தொலைக்காட்சியில் கண்ட மக்கள் மனம் கலங்கினர்.

கட்சியின் பிறப்பு

மரியன்னெ தீமெ 1972ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள் ஏடெ என்னும் ஊரில் பிறந்தார். ராட்டர்டாம் நகரிலுள்ள எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். பின்னர், விலங்குகளின் மென்மயிர்த் தோலுக்காக அவற்றைக் கூண்டில் வளர்ப்பதை எதிர்த்த ஓர் அமைப்பில் பணியாற்றினார்.

விலங்கு நல அமைப்புகள் அந்நாட்டில் முன்பே பல இருந்தன. அவை மனு அளித்தன, துண்டறிக்கை வழங்கின, அமைச்சர்களைச் சந்தித்தன. ஆயினும், அவையில் வாக்கெடுப்பு நடைபெறும் வேளையில் விலங்கு நலம் பிற நலன்களுக்குப் பின்னே தள்ளப்பட்டது. வெளியில் நின்று கதவைத் தட்டுவதைக் காட்டிலும் உள்ளே சென்று பேசுவதே வழி என்று தீமெயும் அவருடைய தோழர்களும் முடிவு செய்தனர். 2002ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ‘விலங்குகளுக்கான கட்சி’ தொடங்கப்பெற்றது. தீமெ அதன் தலைவரானார்.

பலரும் நகைத்தனர். பசுவும் பன்றியும் வாக்களிக்குமா என்று வினவினர். இவ்வினாவிலேயே அக்கட்சியின் விடையும் அடங்கியிருந்தது. வாக்களிக்க இயலாமையால்தான் அவற்றிற்காக ஒருவர் பேச வேண்டியுள்ளது என்பதே அவ்விடை.

தோல்வியும் வெற்றியும்

அந்நாட்டுத் தேர்தல் முறையை இங்கு அறிதல் வேண்டும். நம் நாட்டில் மக்களவைத் தேர்தலில் ஒவ்வொரு தொகுதியிலும் மிகுதியான வாக்குப் பெற்றவர் வெற்றி பெறுகிறார். நெதர்லாந்தில் அவ்வாறு தொகுதிகள் இல்லை. நாடு முழுவதும் ஒரு கட்சி பெற்ற வாக்குகளைக் கூட்டி, அவற்றின் விகிதத்திற்கேற்ப 150 இடங்களைப் பகிர்ந்தளிப்பர். ஆகவே, மொத்த வாக்குகளில் 150இல் ஒரு பங்கைப் பெறும் கட்சிக்கு ஓர் இடம் உறுதி. நாடெங்கும் சிதறி வாழும் சிறு கருத்தினரும் ஒன்றுகூடி ஓர் இடத்தைப் பெற இம்முறை வழிசெய்கிறது.

2003ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓர் இடத்திற்கு ஏறத்தாழ 64,000 வாக்குகள் வேண்டியிருந்தன. விலங்குகளுக்கான கட்சி பெற்றவையோ 47,000 சொச்சம். இடம் கிட்டவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 2006 நவம்பர் 22ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் அக்கட்சி ஏறத்தாழ 1,80,000 வாக்குகளைப் பெற்றது. இரண்டு இடங்களை வென்றது. விலங்குகளின் உரிமையை முதன்மைக் கொள்கையாகக் கொண்ட ஒரு கட்சி, ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் இடம்பெற்றது உலகில் அதுவே முதன்முறை. அப்போது தீமெயின் அகவை 34. அவருடன் எஸ்தர் அவ்வெஹாண்ட் என்னும் மற்றொரு பெண்மணியும் அவைக்குச் சென்றார்.

ஒரே முடிவுரை

பண்டைய உரோமாபுரியில் கேட்டோ என்னும் முதியவர் இருந்தார். அவையில் எப்பொருள் குறித்துப் பேசினாலும், பகை நகரமாகிய கார்த்தேஜை அழிக்க வேண்டும் என்று கூறியே தம் உரையை முடிப்பாராம். தீமெ அவ்வுத்தியை அழிவிற்கன்றி அருளுக்குப் பயன்படுத்தினார். வரி குறித்துப் பேசினாலும், கல்வி குறித்துப் பேசினாலும், தொழிற்சாலை முறையில் விலங்குகளை வளர்ப்பதற்கு ஒரு முடிவு வேண்டும் என்பதே தம் கருத்து என்று கூறித் தம் உரையை முடித்தார். தொடக்கத்தில் உறுப்பினர் பலர் புன்னகைத்தனர். ஆண்டுகள் பல கடந்தும் அவர் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை.

உரையோடு அவர் நிற்கவில்லை. அமைச்சர்களிடம் இடைவிடாது வினாக்களைத் தொடுத்தார், தீர்மானங்களை முன்மொழிந்தார், நூலும் எழுதினார். கால்நடைப் பண்ணைகளுக்கும் புவி வெப்பமடைதலுக்கும் உள்ள தொடர்பை விளக்கும் ‘மீட் த ட்ரூத்’ என்னும் ஆவணப்படத்தில் 2007ஆம் ஆண்டு தோன்றி உரையாற்றினார். ஆங்கிலத்தில் ‘மீட்’ என்னும் ஒலி, எழுத்து வேறுபாட்டால் ‘சந்தித்தல்’ என்றும் ‘இறைச்சி’ என்றும் இருபொருள் தரும். உண்மையைச் சந்திக்குமாறு அழைக்கும் அத்தலைப்பு, எந்த உண்மை என்பதையும் உடன் உரைக்கிறது.

ஓட்டத்தில் ஒரு முயல்

ஆமையும் முயலும் ஓடிய கதையை நீங்கள் அறிவீர்கள். அக்கதையில் முயல் உறங்கித் தோற்றது. டச்சு மொழியிலோ ‘முயல்’ என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. நெடுந்தொலைவு ஓட்டப் பந்தயத்தில், பிறரும் விரைந்து ஓடும் பொருட்டு முன்னே சென்று வேகத்தைக் கூட்டுபவரை அவர்கள் முயல் என்பர். பந்தயத்தில் வெல்வது அவருடைய நோக்கமன்று. பின்வருவோரை விரைந்து ஓடச் செய்வதே அவர் பணி. தம் கட்சி அத்தகைய முயல் என்று தீமெ கூறுவதுண்டு.

இரண்டு இடங்களைக் கொண்டு எச்சட்டத்தையும் நிறைவேற்ற இயலாது. ஆயின், விலங்கு நலத்தை விரும்பும் வாக்காளர் இச்சிறு கட்சிக்குச் சென்றுவிடுவரோ என்னும் அச்சம் பெரிய கட்சிகளுக்கு ஏற்பட்டால், அவையும் அப்பொருளைப் பேசத் தொடங்கும். மென்மயிருக்காக மிங்க் என்னும் சிறு விலங்கை வளர்ப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2012ஆம் ஆண்டு நிறைவேறியது. அதனைக் கொண்டுவந்தவர்கள் வேறு கட்சியினர். தீமெயின் கட்சி ஆதரவு அளித்தது. 2015ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வட்டரங்குகளில் யானை, சிங்கம், புலி முதலிய காட்டு விலங்குகளைக் காட்சிப்படுத்துதல் தடைசெய்யப்பட்டது.

இரு உரிமைகள் மோதியபோது

தீமெயின் அரசியல் வாழ்வில் மிகக் கடுமையான விவாதம் 2011ஆம் ஆண்டு எழுந்தது. நெதர்லாந்துச் சட்டப்படி விலங்கை அறுப்பதற்கு முன் அதனை உணர்விழக்கச் செய்தல் வேண்டும். யூதர், இசுலாமியர் ஆகியோரின் சமய முறைப்படி அறுப்பதற்கு மட்டும் இவ்விதியிலிருந்து விலக்கு இருந்தது. எம்முறையில் அறுத்தாலும் விலங்கிற்கு வலி ஒன்றே என்று கூறி, அவ்விலக்கை நீக்கும் தனிநபர் மசோதாவைத் தீமெ கொண்டுவந்தார். 2011 ஜூன் 28ஆம் நாள் கீழவையில் 116 பேர் ஆதரவாகவும் 30 பேர் எதிராகவும் வாக்களித்தனர். இரண்டு இடங்கள் கொண்ட கட்சியின் மசோதா பெரும்பான்மை பெற்றது.

சமயச் சிறுபான்மையினர் பெரிதும் வருந்தினர். அவ்வருத்தத்திற்கு வரலாற்றுக் காரணமும் இருந்தது. 1940ஆம் ஆண்டு நெதர்லாந்தைக் கைப்பற்றிய நாஜி செர்மனி, யூதர்க்கு எதிராகப் பிறப்பித்த முதல் ஆணைகளுள் ஒன்று, அவர்தம் சமய முறைப்படி அறுப்பதைத் தடைசெய்ததாகும். அதன்பின் அந்நாட்டு யூதர்களில் 1,00,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தீமெயின் நோக்கம் முற்றிலும் வேறு என்பதை அறிந்தவர்க்கும் அந்நினைவு வலித்தது. தம் உணவும் வழிபாடும் பிறரால் முடிவு செய்யப்படுகின்றனவே என்று இசுலாமியரும் கவலையுற்றனர்.

அந்நாட்டு மேலவை இம்மசோதாவை 2012 ஜூன் திங்களில் நிராகரித்தது. சமய உரிமையை இம்மசோதா மிகுதியாகக் கட்டுப்படுத்துகிறது என்று உறுப்பினர் பலர் கருதினர். மாறாக, அரசும் சமய அமைப்புகளும் அறவைக் கூடத்தாரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அறுத்தபின் 40 நொடிகளுக்குள் விலங்கு உணர்விழக்கவில்லையாயின், அதனை உணர்விழக்கச் செய்தல் வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று.

வலியற்ற முடிவை விலங்கிற்குத் தர விழைவது ஓர் அறம். சிறுபான்மையினரின் வழிபாட்டு உரிமையைக் காப்பதும் ஓர் அறம். அறமும் மறமும் மோதும்போது விடை எளிது. இரண்டு அறங்கள் மோதும்போது விடை அரிது. அத்தகைய வேளையில் இரு தரப்பையும் முழுமையாகக் கேட்பதற்காகவே அவை என்னும் அமைப்பை மக்கள் உருவாக்கியுள்ளனர்.

விடைபெறுதல்

2010, 2012ஆம் ஆண்டுத் தேர்தல்களில் கட்சி இரண்டு இடங்களிலேயே நின்றது. 2017ஆம் ஆண்டு அவை ஐந்தாக உயர்ந்தன. 2019 அக்டோபர்த் திங்களில், 13 ஆண்டுப் பணிக்குப்பின் தீமெ அவையிலிருந்து விலகினார். அவருடன் முதல் நாளே அவைக்குச் சென்ற அவ்வெஹாண்ட் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அதே திங்களின் முதல் நாள், ஆயிரக்கணக்கான உழவர்கள் தம் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு நாடாளுமன்றம் அமைந்துள்ள தி ஹேக் நகருக்கு வந்தனர். கால்நடைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கலாம் என்று ஓர் உறுப்பினர் கூறியதே அவர்களின் சினத்தைத் தூண்டியது. பண்ணைக் கழிவிலிருந்து எழும் நைட்ரசன் சேர்மங்கள் காடுகளையும் புல்வெளிகளையும் கெடுப்பதால் அக்கருத்து எழுந்தது. அவ்வாறு கூறியவர் தீமெயின் கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர்! முன்பு நகைப்பிற்கு இடமாயிருந்த ஒரு கருத்து, ஆளுங்கட்சியினர் நாவிலும் ஒலித்தது. முன்னே ஓடிய முயலின் பணி அதுவன்றோ?

உழவர்களின் குரலையும் நாம் செவிமடுத்தல் வேண்டும். கடன் பெற்றுக் கொட்டில் கட்டியவர், தலைமுறை தலைமுறையாகப் பசுக்களோடு வாழ்ந்தவர் அவருள் பலர். மலிவான பாலும் இறைச்சியும் வேண்டும் என்று கேட்ட உலகமே தம்மை இவ்வழியில் செலுத்தியது என்பது அவர்கள் வாதம். பண்ணை முறை மாற வேண்டுமாயின், அம்மாற்றத்தின் சுமை உழவர் தோளில் மட்டும் விழலாமா என்னும் வினா இன்றும் அந்நாட்டின் முன் நிற்கிறது.

2021ஆம் ஆண்டு ஆறாக உயர்ந்த கட்சியின் இடங்கள், 2023இல் மூன்றாகக் குறைந்தன. தேர்தலில் ஏற்றமும் இறக்கமும் இயல்பே. நாம் எவ்வுணவை உண்கிறோம் என்பது அவரவர் வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது, அது வேறு. பேச இயலாத உயிரின் துன்பமும் அவையில் பேசத்தக்க பொருளே என்பதை இருவர் அடங்கிய ஒரு சிறு கட்சி நிலைநாட்டியது. எண்ணிக்கையில் குறைந்தோரின் சொல்லும், தளராது சொல்லப்படுமாயின், அவையின் செவியை எட்டும்.

தெரிந்து தெளிவோம்

அமைச்சர் அல்லாத உறுப்பினர் ஒருவர் தாமே அவையில் முன்வைக்கும் சட்ட முன்வடிவு தனிநபர் மசோதா எனப்படும். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1952ஆம் ஆண்டு நம் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். விலங்கு வதையைத் தடுக்கும் நோக்கில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உருவாயிற்று.

சொல்லும் பொருளும்

அகவை – வயது
கோமாரி – கால்நடைகளின் வாயிலும் குளம்பிலும் புண் உண்டாக்கும் நோய்
மென்மயிர் – மிருதுவான மயிர்
வட்டரங்கு – சர்க்கஸ்
அறவைக் கூடம் – இறைச்சிக்காக விலங்குகளை அறுக்கும் இடம்
கொட்டில் – கால்நடைகளைக் கட்டும் இடம்
மறம் – இங்கு, அறத்திற்கு மாறானது
நிராகரித்தல் – ஏற்க மறுத்தல்

மொழித்திறன் அறிவோம்

1. இரட்டுறமொழிதல்: ஒரு சொல்லோ தொடரோ இருபொருள் தருமாறு அமைவது இரட்டுறமொழிதல். இதனைச் சிலேடை என்றும் கூறுவர். ‘வாக்கு’ என்னும் சொல்லுக்குப் பேச்சு என்றும், தேர்தலில் அளிக்கும் ஓட்டு என்றும் பொருள் உண்டு. விலங்குகளுக்கு இவ்விரண்டும் இல்லை. இப்பாடத்தின் தலைப்பை இவ்விரு பொருளிலும் படித்துப் பாருங்கள்.

2. திணை: மக்களைக் குறிக்கும் சொற்கள் உயர்திணை; விலங்கு, பறவை, உயிரற்ற பொருள் ஆகியவற்றைக் குறிப்பவை அஃறிணை. அல் + திணை = அஃறிணை; உயர்திணை அல்லாதது என்பது பொருள். ஆயினும், அன்பு மிகுதியால் வீட்டுப் பசுவைப் பார்த்து, ‘எங்கள் இலட்சுமி வந்துவிட்டாள்’ என்று கூறுகிறோம். உவப்பின் காரணமாக அஃறிணையை உயர்திணையாகக் கூறும் இதனை இலக்கணம் ‘திணை வழுவமைதி’ என ஏற்றுக்கொள்கிறது.

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. விலங்குகளுக்கான கட்சி தொடங்கப்பெற்ற ஆண்டு ________.
2. நெதர்லாந்துக் கீழவையின் மொத்த இடங்கள் ________.
3. தம் உரைகளை ஒரே கருத்தால் முடித்த உரோமாபுரி முதியவர் ________.

ஆ. சேர்த்து எழுதுக.
1. எளிமை + வழி
2. நெடுமை + காலம்
3. இரண்டு + பொருள்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 2001ஆம் ஆண்டு நோயுறாத விலங்குகளும் கொல்லப்பட்டது ஏன்?
2. ‘ஓட்டத்தில் முயல்’ என்று தீமெ தம் கட்சியைக் கூறியதன் பொருள் யாது?
3. நம் நாட்டு மக்களவைத் தேர்தல் முறைக்கும் நெதர்லாந்துத் தேர்தல் முறைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றினை எழுதுக.

ஈ. விரிவாக விடை எழுதுக.
1. 2011ஆம் ஆண்டு மசோதாவை ஆதரித்தோர், எதிர்த்தோர் ஆகிய இரு தரப்பாரின் வாதங்களையும் தொகுத்து எழுதுக. நீவிர் அவ்வவையின் உறுப்பினராயின் எவ்வாறு வாக்களித்திருப்பீர்? காரணம் கூறுக.
2. பண்ணை உழவர் ஒருவரும் தீமெயும் உரையாடுவதாகக் கற்பனை செய்து, பன்னிரண்டு வரிகளில் உரையாடல் எழுதுக.

கற்பவை கற்றபின்

1. 550 சதுர செ.மீ. பரப்புள்ள தாளை வெட்டி வகுப்பறைத் தரையில் வையுங்கள். அதன்மேல் இரு கால்களையும் வைத்து, கைகளை விரிக்காமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். உங்கள் உணர்வை ஐந்து தொடர்களில் எழுதுங்கள்.
2. ஊரிலுள்ள தாத்தா, பாட்டியிடம் தொலைபேசியில் பேசுங்கள். அவர்கள் இளமையில் வளர்த்த ஆடு, மாடு, கோழி ஆகியவற்றின் பெயர்கள் யாவை, அவற்றை எவ்வாறு அழைத்தனர், எங்கே கட்டினர் என்பனவற்றைக் கேட்டுத் தமிழில் குறித்து வாருங்கள். அவற்றைக் குறிப்பிடும்போது அவர்கள் ‘வந்தது’ என்கிறார்களா, ‘வந்தாள்’ என்கிறார்களா என்பதையும் உற்றுக் கேளுங்கள்.